தாமஸ் எங்கே?

(தருமபுரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியது. சொன்னதையே திரும்பச் சொன்ன இடங்களை வெட்டிவிட்டு, மற்றதைப் பேச்சாகவே விட்டிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம்.

தருமபுரியில் மேடை ஏறுகிறவர்கள் நெல்லிக்கனியைத் தொடாமல் இறங்குவதில்லை. நான் முதலிலேயே தொட்டுவிடுகிறேன், அப்புறம் நிம்மதியாகப் பேசலாம். அதியமான் கொடுத்தான், ஔவை வாங்கிக்கொண்டார். சரி, எந்த ஔவை? சங்க காலத்தில் அதியமானைப் பாடியவர் ஒருவர். பிள்ளைகளுக்கு நீதி பாடியவர் பல நூறு வருஷம் கழித்து வந்த வேறொருவர். அந்தப் பெயரில் இன்னும் சிலர் இருந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் படம் எல்லாரையும் ஒரே பாட்டியாக்கி, கையில் ஒரு கோலைக் கொடுத்து நிறுத்திவிட்டது. ஒரே பெயரில் பலர் இருந்தால் நம் வழக்கம் இதுதான், கலந்து ஒருவராக்கிவிடுவோம். இன்றைக்கு நான் இன்னொரு பெயரைப் பிரித்துப் பார்க்கப் போகிறேன். தாமஸ்.

நான் நர்ஸாக 33 வருஷம் வேலை பார்த்தவள். அதில் பாதிக்கு மேல் எலும்பு முறிவு வார்டு. நம் பக்கத்தில் அந்த வார்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொப்பூர் கணவாய் இருக்கிறவரை எங்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. அது போதாதென்று புளி உலுக்கும் பருவத்தில் மரத்திலிருந்து விழுகிறவர்கள், கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய்ப் பருவத்தில் விழுகிறவர்கள்.

ஒருநாள் ராத்திரி, லாரி கிளீனர் பையன் ஒருவனைத் தூக்கி வந்தார்கள். தொடை எலும்பு முறிந்து கால் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது. டியூட்டி டாக்டர், "தாமஸ் எங்கே? சீக்கிரம் தாமஸைக் கொண்டா!" என்று கத்தினார். அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த வார்டு பையன் ஓடினான். வராண்டாவில் அவன் குரல் கேட்கிறது: "தாமஸ் அண்ணே! தாமஸ் அண்ணே!" ஐந்து நிமிஷத்தில் ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். கேண்டீனில் டீ போடுகிற தாமஸ். கையில் வடிகட்டியோடு அப்படியே நிற்கிறார். அந்த நேரத்தில் யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு பல வருஷம் சிரித்தோம். 'தாமஸ் வர தாமசமாயிடுச்சு' என்பது எங்கள் வார்டில் நிரந்தர வசனம்.

டாக்டர் கேட்டது இதைத்தான். (மேடையில் வைத்திருந்ததைத் தூக்கிக் காட்டினேன்.) தாமஸ் ஸ்பிளின்ட். மேலே தோல் சுற்றிய ஒரு வளையம். அதிலிருந்து கீழே இரண்டு இரும்புக் கம்பிகள். பாதத்துக்குக் கீழே அவை ஒன்றாக வளைந்து சேர்கின்றன. அவ்வளவுதான். பார்த்தால் பரணில் கிடக்கும் பழைய சாமான் மாதிரி இருக்கும்.

இது என்ன செய்கிறது? தொடையில் இருப்பவை உடம்பிலேயே பலமான தசைகள். எலும்பு முறிந்ததும் அவை சுருங்கி, முறிந்த இரண்டு முனைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிவிடும். கூரான முனை சதையைக் குத்தும், ரத்தக் குழாயைக் கிழிக்கும். வெளியே ஒரு சொட்டு தெரியாமல் தொடைக்குள்ளேயே ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் ரத்தம் இறங்கிவிடும். காயமே இல்லாதது போல் இருக்கிற ஆள் வெளுத்துப்போய்க் கண் முன்னால் சாவான். இந்த வளையம் தொடை இடுக்கில் போய் இடுப்பு எலும்பில் முட்டி நிற்கும். காலைக் கீழே இழுத்து, கம்பியின் முனையில் கட்டுவோம். மேலே முட்டு, கீழே இழுப்பு. எலும்பு அசையாது. ஆள் பிழைப்பான்.

இதைச் செய்தவர் ஹியூ ஓவன் தாமஸ். 1834-இல் வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சீ தீவில் பிறந்தவர். பரம்பரையே எலும்பு கட்டுகிற குடும்பம். அப்பா இவான் தாமஸ் லிவர்பூல் துறைமுகத்தில் கட்டுப் போட்டுப் பிழைத்தார். பட்டம் கிடையாது, கைராசி உண்டு. இதைக் கேட்டால் நமக்கு உடனே புத்தூர் ஞாபகம் வருமில்லையா? இந்த அரங்கில் புத்தூர்க் கட்டுக்குப் போகாத குடும்பம் எத்தனை இருக்கும் என்று கை தூக்கச் சொன்னால் எனக்குத்தான் சங்கடம். நாங்கள் வார்டில் அதைத் திட்டுவோம். சரியாகச் சேராத எலும்போடு திரும்பி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த கோபம் அது. ஆனால் கை படிந்த ஒரு வைத்தியர் தடவிப் பார்த்தே முறிவு இருக்கும் இடத்தைச் சொன்னதையும் நான் பார்த்திருக்கிறேன்.

பட்டம் படித்த டாக்டர்கள் இவான் தாமஸைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். அவரோ வீம்புக்கு மாதிரி, தன் ஐந்து பையன்களையும் டாக்டருக்குப் படிக்க வைத்தார். மூத்தவர்தான் ஹியூ. எடின்பரோவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்து அப்பாவோடு கொஞ்ச நாள் சேர்ந்து தொழில் பார்த்தார். ஒத்துவரவில்லை. இரண்டு பக்கமும் பிடிவாதம். லிவர்பூலில் நெல்சன் தெருவில் தனியாகக் கடை போட்டார். கடை என்று சொல்வது தப்பில்லை. வீட்டோடு ஒரு பட்டறை வைத்திருந்தார். கொல்லர் ஒருவர், சேணம் தைக்கிற தோல் வேலைக்காரர் ஒருவர், இவர்களை வைத்துக்கொண்டு ஸ்பிளின்ட்டைத் தானே செய்தார். நோயாளி உள்ளே வருவார், கால் அளவு எடுப்பார்கள், பின்கட்டில் இரும்பு வளையும்.

ஆள் ஒல்லி, குள்ளம். கறுப்புக் கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். சின்ன வயதில் கண்ணில் பட்ட அடியை மறைக்க மாலுமித் தொப்பியை அந்தக் கண் மேல் சாய்த்துப் போடுவார். வாயில் எந்நேரமும் சிகரெட். பெரிய ஆஸ்பத்திரி எதிலும் அவருக்குப் பதவி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஏழைகளுக்கு இலவசம். துறைமுகக் கூலிகளும் கொதிகலன் தொழிலாளிகளும் வாசலில் வரிசையில் நின்றார்கள். முறிந்த எலும்புக்கும் சீழ் பிடித்த மூட்டுக்கும் அவர் கொடுத்த மருந்து ஓய்வு. அசையக் கூடாது, இடையில் அவிழ்க்கக் கூடாது, சீக்கிரம் எழுந்திருக்கக் கூடாது. 1875-இல் இதையெல்லாம் எழுதி வெளியிட்டார். லண்டன் பெரிய டாக்டர்கள் கண்டுகொள்ளவில்லை. பட்டம் வாங்கியும் அவர்களுக்கு அவர் கட்டுக்காரர் மகன்தான். 1891-இல் 56 வயதில் செத்துப்போனார். ஊர்க்கூலிகள் ஆயிரக்கணக்கில் பின்னால் நடந்தார்கள்.

அவர் மனைவியின் சொந்தத்துப் பையன் ராபர்ட் ஜோன்ஸ். அவர் வீட்டிலேயே தங்கித் தொழில் கற்றவர். 1914-இல் முதல் உலகப் போர் வந்தது. தொடையில் குண்டு பட்டு எலும்பு நொறுங்கியவர்கள், தூக்கிக்கொண்டு போகிற வழியிலேயே செத்தார்கள். ஜோன்ஸ் மாமாவின் வளையத்தைப் போர்க்களத்துக்குக் கொண்டுபோனார். இருட்டிலும் போட வேண்டும் என்பதற்காக ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்களுக்குக் கண்ணைக் கட்டிப் பழக்கினார்கள். நூற்றுக்கு 80 பேர் செத்துக்கொண்டிருந்தது என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்த 80 கொஞ்சம் ஊதிய கணக்கு என்று வரலாற்றுக்காரர்கள் சிலர் இப்போது சொல்கிறார்கள், இருக்கலாம். 1917-இல் ஆராஸ் போரில் எழுதி வைத்த கணக்கு கையில் இருக்கிறது: ஆயிரத்துச் சொச்சம் தொடை முறிவுகளில் செத்தவர்கள் 15.6 சதவீதம். அந்த வளையத்தைச் செய்தவர் செத்து அப்போது 26 வருஷம்.

ஹியூவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கலாம், ஆனால் நம் ஊர்க்காரர் ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார். ஆமாம், தருமபுரி தாமஸ். தாமஸ் மன்றோ.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு நம் பக்கத்துப் பாராமகாலைக் கும்பினிக்காரர்களிடம் விட்டார். கேப்டன் ரீட், அவருக்குக் கீழே மன்றோ. 1799 வரை இந்தச் சீமையில் நிலம் அளந்து, வரி போட்டு, உழுகிறவரிடமே நேராக வரி வாங்குகிற ரயத்துவாரி முறைக்கு அடி போட்டவர். தருமபுரியிலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கடிதம் கடிதமாக எழுதியிருக்கிறார். பிறகு சென்னை மாகாணத்துக்கே கவர்னர். சென்னையில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். 1827 ஜூலை 6, ஊருக்குத் திரும்புவதற்கு முன் கடைசிச் சுற்றுப்பயணத்தில், இப்போதைய ஆந்திராவில் பத்திகொண்டா என்ற ஊரில் காலரா. காலையில் பேதி, அன்று ராத்திரிக்குள் ஆள் இல்லை.

கவர்னருக்கு டாக்டர் இல்லாமலா? இருந்தார்கள். காலராவுக்கு அன்றைய வைத்தியம் என்ன தெரியுமா? ரத்தத்தை வெளியே எடுப்பது. அபின் கொடுப்பது. தண்ணீர் முழுக்க இழந்து சுருங்கிப்போன உடம்பிலிருந்து இன்னும் ரத்தம் எடுப்பார்கள். என்னால் இதைப் படிக்கவே முடியவில்லை.

மன்றோ செத்து ஐந்தே வருஷம். 1832 மே. அவர் சொந்த நாடான ஸ்காட்லாந்திலேயே, எடின்பரோவை ஒட்டிய லீத் துறைமுகத்தில் காலரா. அங்கே ஒரு சாதாரண ஊர் டாக்டர், தாமஸ் லாட்டா. காலரா நோயாளியின் ரத்தத்தில் தண்ணீரும் உப்பும் குறைந்துவிடுகிறது என்று ஓஷானஸி என்ற 22 வயதுப் பையன் சோதித்து எழுதியிருந்ததை லாட்டா படித்தார். அந்த ஓஷானஸி பிற்பாடு கல்கத்தாவுக்கு வந்து இந்தியாவுக்கே தந்திக் கம்பி போட்டவர், அது வேறு கதை. குறைந்ததைத் திரும்ப ஊற்றினால் என்ன என்று லாட்டா யோசித்தார். முதலில் வாய் வழியும் ஆசனவாய் வழியும் ஊற்றிப் பார்த்தார். நிற்கவில்லை. நேராக ரத்தத்திலேயே விடலாம் என்று முடிவு செய்தார். அதற்கு முன்னால் மனிதருக்கு இப்படிச் செய்தவர் யாரும் இருந்ததாகத் தெரியாததால், எல்லா வைத்தியமும் பார்த்துக் கைவிடப்பட்ட ஒரு வயதான அம்மாவைத் தேர்ந்தெடுத்தார்.

கையில் நரம்பைத் திறந்து குழாயை விட்டு, உப்பும் சோடாவும் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. குழி விழுந்த கண் மேலே வந்தது. ஒட்டிப்போன முகம் தெளிந்தது. எங்கோ ஓடிப்போயிருந்த நாடி மணிக்கட்டுக்குத் திரும்பி வந்தது. அரை மணி நேரத்தில் சுமார் மூன்று லிட்டர். அந்த அம்மா திடமான குரலில், தனக்கு இப்போது ஒன்றுமில்லை, கொஞ்சம் தூங்கினால் போதும் என்றாராம். கை கால் சூடாகிவிட்டது. லாட்டா நோயாளியை ஆஸ்பத்திரி சர்ஜனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வெடுக்கப் போனார். போன கொஞ்ச நேரத்தில் வாந்தியும் பேதியும் திரும்பின. ஐந்தரை மணி நேரத்தில் அந்த அம்மா செத்துவிட்டார்.

திரும்ப ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பார். லாட்டாவே அப்படி நினைத்துத்தான் எழுதினார், ஒளிக்காமல். ராத்திரி ஷிஃப்டில் இருந்த எல்லாருக்கும் இந்த இடம் வலிக்கும். பாட்டில் தீர்ந்தது, யாரும் மாற்றவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

லாட்டா அடுத்த வருஷமே காசநோயில் போய்ச் சேர்ந்தார். அவர் முறையும் கூடவே போய்விட்டது. 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் உப்பு நீர் ஏற்றிக் காலரா சாவைக் குறைத்த பிறகுதான் அதற்கு மரியாதை வந்தது. இன்றைக்கு நம் ஊரில் காய்ச்சல் என்று போனாலே "ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று நாமே கேட்டு வாங்குகிறோம். ஏற்றவில்லை என்றால் அந்த டாக்டர் சரியில்லை. லாட்டா பார்த்தால் சிரிப்பார். அடுத்த முறை கையில் ஊசியோடு படுத்திருக்கும்போது மேலே தொங்குகிற பாட்டிலைப் பாருங்கள், அதன் மேல் கம்பெனிப் பெயர் இருக்கும். லாட்டா பெயர் இருக்காது.

தெர்மாமீட்டருக்கும் ஒரு தாமஸ் உண்டு, சுருக்கமாக முடித்துவிடுகிறேன். லீட்ஸ் நகரத்து தாமஸ் கிளிஃபர்ட் ஆல்பட். அதுவரை ஜுரம் பார்க்கிற கருவி ஒரு அடி நீளம். இருபது நிமிஷம் வைத்திருக்க வேண்டும். வார்டில் 40 பேர் இருந்தால் என்ன ஆவது? 1866, 67 வாக்கில் ஆறு அங்குலத்தில் ஒன்றைச் செய்வித்தார், ஐந்து நிமிஷத்தில் காட்டியது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். பிறகு கேம்பிரிட்ஜில் பேராசிரியர், சர் பட்டம், எல்லாம் வந்தது. நல்லபடியாக வாழ்ந்தவர், அதனால் சொல்ல அதிகம் இல்லை.

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்காக 1990-இல் நோபல் வாங்கிய டானல் தாமஸும் இருக்கிறார். அது என் வார்டுக்கு மேலே பத்து மாடி. நான் ஏறவில்லை.

இப்போது விவியன் தாமஸ். 1910-இல் அமெரிக்காவில் லூசியானாவில் பிறந்த கறுப்பினத்தவர். பெண் பிறக்கும் என்று எடுத்துவைத்த பெயரைப் பையனுக்கு வைத்துவிட்டார்கள். அப்பா தச்சர், இவரும் தச்சு வேலைதான். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று சேர்த்து வைத்த பணம் 1930-இல் பாங்கு திவாலானதில் போய்விட்டது. அந்த வருஷமே நாஷ்வில்லில் ஆல்ஃபிரட் பிளேலாக் என்ற சர்ஜனின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆய்வு செய்தார், ஆனால் சம்பளப் பட்டியலில் பெருக்கித் துடைப்பவர். 1941-இல் பிளேலாக் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்குப் போனபோது இவரையும் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே ஹெலன் டாசிக் என்ற குழந்தை இதய டாக்டரம்மா ஒரு கேள்வியோடு வந்தார். இதயக் கோளாறால் நுரையீரலுக்குப் போதிய ரத்தம் போகாமல், உதடும் நகமும் நீலமாகிக் குழந்தைகள் சாகின்றன. வேறு வழியாக ரத்தத்தைத் திருப்பிவிட முடியாதா? விவியன் தாமஸ் நாய்களிடத்தில் அதே நிலையை உண்டாக்கி, கைக்குப் போகிற ரத்தக் குழாயை எடுத்து நுரையீரல் குழாயோடு தைத்துப் பார்த்தார். இரண்டு வருஷம், சுமார் 200 நாய்கள். அவ்வளவு சின்னக் குழாயைத் தைக்க ஊசி கடையில் கிடைக்காது. இருந்த ஊசியை நறுக்கிக் குட்டையாக்கி, நுனியைத் தானே தீட்டினார். தச்சர் கை.

1944 நவம்பர் 29. ஐலீன் சாக்ஸன், 15 மாதக் குழந்தை, நாலு கிலோ சொச்சம்தான் எடை. கத்தி பிடித்தவர் பிளேலாக். ஆனால் அந்த ஆபரேஷனை முழுசாகத் தனியே செய்து பழகியவர் விவியன்தான். அதனால் பிளேலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டு அதன் மேல் நின்றார். தையல் எந்தத் திசையில் போக வேண்டும், எவ்வளவு இடைவெளி என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். தியேட்டரில் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அங்கே பின்னாலிருந்து ஒரு உதவியாளர் பேசுவதும் சர்ஜன் அதைக் கேட்பதும் சாதாரண விஷயமில்லை. கவ்வியிருந்த கிளாம்பை எடுத்தார்கள். குழந்தையின் நிறம் மாறியது. அந்தக் குழந்தை சில மாதங்களில் மறுபடி முடியாமல்போய் இறந்துவிட்டது. ஆனால் அடுத்தடுத்து வந்த குழந்தைகள் பிழைத்தார்கள், உலகம் முழுவதிலிருந்தும் வந்தார்கள்.

ஆபரேஷனுக்குப் பெயர் வைத்தார்கள், பிளேலாக்–டாசிக். மூன்றாமவர் சம்பளம் பற்றாமல் பிளேலாக் வீட்டு விருந்துகளில் மது ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தான் பயிற்சி கொடுத்த அதே டாக்டர்களுக்கு. 1976-இல்தான் ஹாப்கின்ஸ் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது, அதுவும் சட்டத்தில்! இப்போது பலர் அந்த ஆபரேஷனை பிளேலாக்–தாமஸ்–டாசிக் என்கிறார்கள். 1985-இல் அவர் இறந்துவிட்டார்.

நம் கிராமங்களில் முடி திருத்துகிற சமூகத்துக்கே மருத்துவர் என்று பெயர். அவர்கள் வீட்டுப் பாட்டிமார்தான் ஊருக்கெல்லாம் மருத்துவச்சி. பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரில் என் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்து என்னை வெளியே எடுத்தவர் அப்படி ஒருவர். கூலியைத் திண்ணைக்குக் கீழே நிற்க வைத்துத்தான் கொடுத்தார்கள். விவியன் தாமஸைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்கா ஞாபகம் வருவதில்லை.

கடைசித் தாமஸ் ஒகேனக்கல்காரர்களுக்குப் பிடிக்கும். தாமஸ் ஃபோகார்ட்டி. ஒஹாயோ மாநிலத்து சின்சினாட்டியில் 1934-இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா இல்லை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை. கால் ரத்தக் குழாயில் ரத்தக் கட்டி அடைத்துக் கால் கறுத்து வருகிறவர்களை அங்கே பார்த்தார். குழாயை நீளமாகக் கிழித்து மணிக்கணக்கில் ஆபரேஷன் செய்வார்கள், பாதிக்குப் பாதி காலோ உயிரோ போகும். மருத்துவ மாணவராக இருந்தபோது ஒரு யோசனை: மெல்லிய குழாயின் நுனியில் சுருங்கிய பலூன். அதை அடைப்பைத் தாண்டி அந்தப் பக்கம் விட்டு, ஊதி, மெல்ல வெளியே இழுத்தால் கட்டி கூடவே வந்துவிடாதா?

பலூனுக்கு ரப்பர் கையுறையின் சுண்டுவிரல் நுனியை வெட்டினார். மூத்திரம் எடுக்க விடுகிற குழாயில் அதைப் பொருத்த வேண்டும், எந்தப் பசையும் பிடிக்கவில்லை. அவர் தூண்டில்காரர். இறகையும் நூலையும் முள்ளில் கட்டிப் பூச்சி மாதிரி செய்வார்களே, அந்த வேலை சின்ன வயதிலிருந்தே கைவந்தது. அதே முடிச்சைப் போட்டார், நின்றது. ஒகேனக்கல்லில் பரிசல் துறையில் உட்கார்ந்து முள் கட்டுகிறவர்களின் கட்டைவிரலைப் பார்த்திருப்பீர்கள், நூல் எங்கே போகிறது என்று நம் கண்ணுக்கே தெரியாது. 1961-இல் நோயாளிக்குப் பயன்பட்டது. கம்பெனிகள் முதலில் செய்து தர மறுத்தன. அவரே கையால் கட்டிக்கொண்டிருந்தார். இன்றைக்குக் கால் குழாயில் ரத்தக் கட்டி அடைத்து வருகிறவருக்கு, சேலத்தில் போய்க் கேட்டாலும், 'ஃபோகார்ட்டி போடணும்' என்றுதான் சொல்வார்கள்.

கையில் இருக்கிற இந்த ஸ்பிளின்ட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கினேன். வளையத்துத் தோல் கிழிந்து பஞ்சு வெளியே தொங்கியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைக்கிற பெரியவரிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குதிரைச் சேணமாம்மா?"

லிவர்பூல் பட்டறையில் உட்கார்ந்திருந்த சேணம் தைப்பவரை நான் அவரிடம் சொல்லவே இல்லை. இது காலுக்கு என்றேன். வளையத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, "உள்பக்கம் பஞ்சு தடியா இருக்கு, வெளிப்பக்கம் கம்மி. இங்கதான் பாரம் ஏறுது போல" என்றார். வருஷக்கணக்காக இதைப் போட்டுக் கழற்றிய எனக்குப் பயிற்சியில் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்ததை அவர் ஒரு நிமிஷத்தில் விரலால் கண்டுபிடித்தார். 80 ரூபாய் கேட்டார். நூறு கொடுத்தேன், சில்லறையை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சென்னைப் பரங்கிமலையில் ஒரு தோமையார் இருக்கிறார், காயத்தில் விரல் விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர். அவரும் தாமஸ்தான். அதனால் இதை உங்களிடமே கொடுக்கிறேன். உள்பக்கத் தையல் புதுசு, வெளிப்பக்கம் பழசு, வித்தியாசம் தெரிகிறதா பாருங்கள். முன்வரிசையில் இருக்கிற தம்பி, நீ முதலில் வாங்கு. ஒரு கையால் இல்லைப்பா, ரெண்டு கையாலும் பிடி, கனமா இருக்கும்.